முதலில் கோ 39-ஐப் பாருங்கள்: குலை நோய் லேபில் ஒரு இறுதியாண்டு புராஜெக்ட்

நெல் குலை நோயை ஆராயும் லேப் எதுவானாலும், அங்கே ஒரு ட்ரேயில் கோ 39 வளர்ந்துகொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் கோயம்புத்தூரில் உருவான ரகம் அது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வரை அதன் பெயர் தெரியும். விளைச்சலுக்காக வந்த பெயர் இல்லை. குலை நோய்ப் பூஞ்சையைத் தெளித்தால் தவறாமல் நோய் வாங்கும், அதற்காக வந்த பெயர். நோய் வந்தே தீரும் என்று ஒப்பிடுவதற்காக வைக்கும் இப்படிப்பட்ட செடியை லேப் பேச்சில் 'சசெப்டிபிள் செக்' என்பார்கள்.

பி.டெக். பயோடெக்னாலஜி கடைசி வருடம் நான் கோவையில் செய்த புராஜெக்ட், செடிகளின் நோய் எதிர்ப்பு மூலக்கூறு அளவில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. லேபில் சேரும்போது என் கவனமெல்லாம் எதிர்ப்பு ஜீன் உள்ள செடிகள் மீதுதான் இருந்தது. முடிக்கும்போது, நோய் வாங்கும் செடியை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் எதிர்ப்பு புரியும் என்று உறுதியாக நம்பினேன். இப்போதும் அப்படியே நம்புகிறேன். இந்தத் துறையில் இளநிலைப் படிப்பிலேயே கால் வைக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு அதை விளக்கமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். செடிக்கு நம்மைப் போல ரத்த அணுக்களோ ஆன்டிபாடிகளோ கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது. நெல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிஇபிஐபி, சிஇஆர்கே1 ஆகிய புரதங்கள் அந்தக் கைட்டினை உணர்ந்து எச்சரிக்கை கொடுக்கும். இது முதல் அடுக்கு. இதை அடக்குவதற்குப் பூஞ்சை 'எஃபெக்டர்' என்னும் சிறு புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பும். அந்த எஃபெக்டரை அடையாளம் காணும் என்எல்ஆர் வகைப் புரதம் செல்லுக்குள் இருந்தால் இரண்டாம் அடுக்கு விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் தாக்கப்பட்ட செல் தன்னையே அழித்துக்கொண்டு பூஞ்சையை அங்கேயே முடக்கிவிடும். செடியில் ஒரு ஜீன், நோய்க்கிருமியில் அதற்கு இணையாக ஒரு ஜீன் என்ற கணக்கை 1940-களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹெரால்ட் ஃப்ளோர் ஆளிச் செடியையும் அதன் துரு நோயையும் வைத்துக் கண்டுபிடித்தார். டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத காலம் அது. ஜீன்களைப் பிரித்தெடுத்து அவர் சொன்னதை நேராகப் பார்க்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குலை நோய் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1919-ல் தஞ்சாவூர் டெல்டாவில் பெரிய அளவில் பயிரை அழித்த பதிவு உண்டு. நூறு வருடம் கழித்தும் வெள்ளைப் பொன்னி நட்டவர்கள் பனி பெய்யும் நாட்களில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

என் புராஜெக்ட்டில் மூன்று வகைச் செடிகள். ஒன்று கோ 39. மற்ற இரண்டும் கோ 39-ஐ வைத்தே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியவை: பை1 என்ற எதிர்ப்பு ஜீன் உள்ள சி101எல்ஏசி, பை2 உள்ள சி101ஏ51. மூன்றுமே பார்க்க ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஜீன் தொகுப்பும் பெரும்பாலும் ஒன்றுதான். எதிர்ப்பு ஜீனும் அதை ஒட்டிய கொஞ்சம் டி.என்.ஏ.வும் மட்டும் வேறு. அதனால் நோயில் வித்தியாசம் தெரிந்தால் காரணத்தை அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே தேடலாம். இளநிலை மாணவருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. கேள்வி சிறியது, ஒப்பீடு சுத்தமானது. புராஜெக்ட் தேர்ந்தெடுக்கும்போது "புதிய ஜீன் கண்டுபிடிக்கிறேன்" என்று போகாமல், இப்படி ஒரே ஒரு வித்தியாசம் உள்ள இரண்டு செடிகளைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை என்னவோ நாற்று வளர்ப்பதில்தான் ஆரம்பிக்கும். மூன்று வாரம் ஆன, மூன்று நான்கு இலை விட்ட நாற்றுகள். ஓட்மீல் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்த பூஞ்சையிலிருந்து ஸ்போர்களை (விதை போன்ற நுண்துகள்களை) தண்ணீரில் இறக்கி, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ணி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் என்ற அளவுக்குக் கொண்டுவந்து, இலையில் ஒட்டுவதற்காகத் சோப்பு போன்ற ட்வீன் 20 ஒரு துளி சேர்த்துத் தெளிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்க இருட்டு, ஈரம். ஏழாம் நாள் ஸ்கோர், அதாவது இலையில் வந்த நோயின் அளவுக்கு ஒரு எண்.

தெளித்த இரவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த ஈரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்பது புரியும். ஸ்போர் முளைத்து, நுனியில் அப்ரசோரியம் என்ற கரிய குமிழை உண்டாக்குகிறது. அதற்குள் அழுத்தம் ஏறி ஏறி, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை போகும். அந்த விசையில் இலையின் தோலைக் குத்தித் துளைத்து உள்ளே போகிறது. குமிழின் சுவரில் மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது. மருந்துக் கடையில் குலை நோய்க்குக் கொடுக்கும் ட்ரைசைக்ளசோல் தடுப்பது அந்த மெலனின் உற்பத்தியைத்தான். நடுவில் இலை காய்ந்துவிட்டால் இதெல்லாம் பாதியில் நின்றுபோகும். அப்போது எல்லாச் செடியும் பச்சைப் பசேல் என்று இருக்கும், எதிர்ப்பு ஜீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கோடை தொடங்கியிருந்த ஒரு வாரம் லேபில் ஒருவர் சில பாரம்பரிய ரகங்களைச் சோதித்தார். ஏழாம் நாள் ஒரு ரகத்தில் புள்ளியே இல்லை. சுற்றி நின்ற எல்லோருக்கும் சந்தோஷம். லேபிலிருந்த பிஎச்.டி. அக்கா ட்ரேயைப் பார்க்கவே இல்லை. "முதல்ல கோ 39 எங்க, அதை எடு" என்றார். கோ 39-லும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் புள்ளி. "இந்த பேட்ச் கணக்குல இல்ல" என்று சொல்லிவிட்டு நோட்டில் அப்படியே எழுத வைத்தார். ஈரப்பத அறையில் பகலில் வெப்பம் ஏறியிருந்தது. மழைக்குப் பிறகு அதே ரகத்தைத் திரும்பச் சோதித்தபோது நல்ல குலை நோய் வந்தது. அன்றிலிருந்து எனக்கும் அதே பழக்கம். ஸ்கோர் எடுக்கும் நாளில் முதலில் கண் போவது கோ 39 மீது. அதில் நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு என்று கண் வடிவப் புள்ளிகள் நிறைய வந்திருந்தால்தான் மற்றச் செடிகளைப் பார்ப்பேன்.

ஸ்கோரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 0 முதல் 9 வரை அளவுகோல், எண் கூடக் கூட நோய் அதிகம். புதிதாக வருபவர்கள் 0-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். எனக்கு 1-ஐப் பார்த்தால்தான் நிம்மதி. 1 என்றால் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை அங்கே வந்தது, துளைக்கப் பார்த்தது, செடி அதை நிறுத்தியது என்பதற்கு இலையே எழுதிக் கொடுத்த சாட்சி அது. 0 வந்தால் எதிர்ப்பாகவும் இருக்கலாம், அந்த இலையில் ஸ்போரே விழாமலும் இருக்கலாம்.

கோ 39-ல் நோய் சரியாக வரவில்லை என்றால் தேட வேண்டிய இடங்களும் அனுபவத்தில் பிடிபட்டன. பெரும்பாலும் ஈரமும் வெப்பமும்தான் காரணம். 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. அப்புறம் தழைச்சத்து. யூரியா அதிகம் போட்ட வயலில் குலை நோய் கூடும் என்று விவசாயிகள் சொல்வது லேபிலும் அப்படியே உண்மை. அதனால்தான் தெளிப்பதற்குச் சில நாள் முன் நாற்றுக்கு அம்மோனியம் சல்பேட் கொடுக்கிறோம். இலையின் வயதும் முக்கியம், முற்றிய இலை லேசில் நோய் வாங்காது. கடைசியாகப் பூஞ்சை. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அது வீரியம் இழந்துவிடும். நோய் வந்த இலையிலிருந்து மறுபடி பிரித்தெடுத்து, வடிதாளில் வளர்த்து உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் துண்டு துண்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு துண்டை எடுத்துப் புதிதாக வளர்க்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த லேபில் எனக்கு மிகவும் பிடித்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலை உறைச் சோதனை. நாற்றின் தண்டைச் சுற்றியிருக்கும் இலை உறையைச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, உள்ளே இருக்கும் குழிவில் ஸ்போர்க் கரைசலை விட்டு, ஈரமான பெட்டியில் கிடத்திவைக்க வேண்டும். ஒன்றரை நாள் கழித்து பிளேடால் மெல்லச் சீவி, ஒரே ஒரு செல் வரிசை மட்டும் மிஞ்சுகிற மாதிரி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைக்கலாம். சாயமே வேண்டாம். கோ 39-ல் கரிய அப்ரசோரியம் ஒன்று தெரியும். அதற்குக் கீழே உள்ள செல்லில் பருத்த, கணுக் கணுவான பூஞ்சை இழைகள் நிறைந்திருக்கும். அடுத்த செல்லுக்குள் ஓர் இழை நுழைந்துகொண்டிருக்கும். செல் இன்னும் உயிரோடுதான் இருக்கும். தாக்கப்படுவதே அதற்குத் தெரியவில்லை என்று தோன்றும். சி101ஏ51-ல் அதே அப்ரசோரியம், அதே துளை. ஆனால் அந்த ஒரு செல் மட்டும் பழுப்பேறி, உள்ளே மணல் மணலாகத் திரண்டிருக்கும். இழை குட்டையாக நின்றுபோயிருக்கும். பக்கத்துச் செல்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். ஏழாம் நாள் இலையில் குண்டூசிப் புள்ளியாகத் தெரியப்போவது இதுதான். பாடப் புத்தகத்தில் 'அதியுணர்வு எதிர்வினை' என்று மனப்பாடம் செய்திருந்ததை அன்று ஒரு செல்லுக்குள் பார்த்தேன். சீவக் கை பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும், பொறுமையாகப் பழகுங்கள். நான் செய்த சோதனைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

கோ 39 பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதற்கும் நோய் வாங்கும் என்று பெயர் எடுத்த அந்தச் செடிக்கும் எதிர்ப்பு ஜீன் இருக்கிறது! ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5 என்ற இரண்டு என்எல்ஆர் புரதங்கள் அதில் ஜோடியாக வேலை செய்கின்றன. ஆர்ஜிஏ4 செல்லைக் கொல்லத் தயாராக இருக்கிறது, ஆர்ஜிஏ5 அதை அடக்கிப் பிடித்திருக்கிறது. ஆர்ஜிஏ5-ன் வாலில் ஒரு கூடுதல் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலிப்பொறியில் வைத்த கருவாடு மாதிரி, பூஞ்சையின் எஃபெக்டர் வந்து அந்தத் துண்டைப் பிடித்ததும் ஆர்ஜிஏ4 விடுபட்டுவிடும். இந்த ஜோடி அடையாளம் காணும் எஃபெக்டர்களில் ஒன்றுக்கு வைத்த பெயரே ஏவிஆர்1-கோ39. நம் ஊர் ரகத்தின் பெயர் ஒரு பூஞ்சை ஜீனில் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் ஏன் நோய் வருகிறது? நெல்லைத் தாக்கும் பூஞ்சை இனங்களில் பெரும்பாலானவற்றிடம் அந்த எஃபெக்டரே இல்லை. எராக்ராஸ்டிஸ் என்ற புல்லைத் தாக்கும் இனத்திலிருந்துதான் அதைப் பிடித்தார்கள். பொறி சரியாகத்தான் இருக்கிறது, வருகிற எலிதான் வேறு. 'நோய் எதிர்ப்பு உள்ள ரகம்', 'இல்லாத ரகம்' என்று பொதுவாகப் பேசுவதை அதோடு விட்டேன். எந்தப் பூஞ்சை இனத்துக்கு எதிராக என்ற கேள்வி இல்லாமல் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. உங்கள் ரிப்போர்ட்டிலும் ரகத்தின் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் பூஞ்சை இனத்தின் எண்ணும் வரட்டும்.

மூலக்கூறு வேலைகள் என்று சொல்லப்படுபவை இதற்குப் பிறகுதான் வந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடு எங்கே சுரக்கிறது என்று பார்க்க டிஏபி சாயம். இலைத் துண்டை இருட்டில் ஊறவைத்து, எத்தனால் கலவையில் கொதிக்கவைத்துப் பச்சையம் போனதும் பார்த்தால் பழுப்பு தெரியும். அழகாக இருக்கும், ஆனால் கத்தி பட்ட ஓரமும் அதே மாதிரிப் பழுப்பாகும். அதனால் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் பாருங்கள், பூஞ்சை தெளிக்காத இலையையும் பக்கத்திலேயே வையுங்கள். டிஏபியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது.

ஜீன் வெளிப்பாட்டைப் பார்க்கும் கியூபிசிஆர் சோதனையில் பிபிஇசட்1 போன்ற தற்காப்பு ஜீன்களை அளந்தோம். இங்கே ஒரே ஒரு அறிவுரைதான். 'மாக்' செடிகளைச் சுருக்கப் பார்க்காதீர்கள். ஸ்போர் இல்லாத அதே ட்வீன் தண்ணீரைத் தெளித்து, அதே இருட்டில், அதே ஈரத்தில் வைத்து, அதே மணிக்கு எடுத்த செடிதான் மாக். காலையில் எடுத்த 0 மணி நேரச் செடியோடு மாலையில் எடுத்த செடியை ஒப்பிட்டால் நோய்க்கு வந்த மாற்றம் எது, பொழுதுக்கு வந்த மாற்றம் எது என்று பிரிக்கவே முடியாது. மாக் செடிக்கும் ஆர்.என்.ஏ. எடுக்கக் காசு செலவாகும் என்பதால் அதைக் குறைக்கத் தோன்றும். எத்தனை நேரங்களில் செடி எடுக்கிறீர்கள் என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், மாக்கைக் குறைக்காதீர்கள்.

அதே போல, ஒரு தொட்டியில் இருந்து எடுத்த பத்து இலையும் பத்து சாட்சி ஆகாது. தனித்தனியாக வளர்த்து, வேறு வேறு வாரங்களில் தெளித்த பேட்ச்தான் தனிச் சாட்சி. ஸ்கோர் எடுக்கும்போது தொட்டியின் பெயர் கண்ணில் படாமல் இருப்பதும் முக்கியம். எங்களில் ஒருவர் தொட்டிகளுக்கு எண் மட்டும் ஒட்டி, பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். இன்னொருவர் ஸ்கோர் எடுப்பார். பை2 செடி என்று தெரிந்துவிட்டால் 3 கூட 1 மாதிரித் தெரியும். கண் அப்படித்தான், யாருடைய கண்ணும்.

லேபிள் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வு இருக்கிறது. நெல்லின் பாக்டீரியா இலைக் கருகல் நோய்க்கு எதிரான எக்ஸ்ஏ21 ஜீனை 1995-ல் கலிபோர்னியாவில் பமேலா ரொனால்டின் லேப் பிரித்தெடுத்தது. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த ஜீன் அது. பாக்டீரியாவின் எந்த மூலக்கூறை அது அடையாளம் காண்கிறது என்று 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னர் லேபுக்குப் புதிதாக வந்தவர்கள் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது விடை வரவில்லை. தேடிப் பார்த்ததில் சில பாக்டீரியா இனங்கள் பெயர் மாறிக் கலந்திருந்தன. அவர்களே அதை வெளிப்படையாகச் சொல்லி, 2013-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் முதலிலிருந்து செய்து, 2015-ல் ரேக்ஸ்எக்ஸ் என்ற சரியான மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். அந்த லேபின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இந்தக் கதையால் கூடியதே தவிர குறையவில்லை. கையில் கிடைக்கும் விதையையும் பூஞ்சையையும் உறையில் எழுதியிருப்பதை நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்திலேயே டி.என்.ஏ. எடுத்து, பை1, பை2 ஜீன்களைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர்களை (டி.என்.ஏ. அடையாளங்களை) ஓட்டி, ஜெல்லில் அவற்றின் கோட்டை (பாண்ட்) பார்த்த பிறகு மட்டும் விதையுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நல்ல கைடு இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

லேபைத் தேர்ந்தெடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. லேபின் பெயரைவிட, தினமும் உங்களோடு பெஞ்சில் நிற்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். ஒரு நாள் போய், அங்கிருக்கும் பிஎச்.டி. மாணவர்களோடு டீ குடித்துப் பேசினால் தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டிய புராஜெக்ட் என்றால் புதிதாகச் செடியில் ஜீன் மாற்றம் செய்யும் வேலையை எடுக்காதீர்கள், முதல் தலைமுறை விதை வருவதற்குள் வைவா வந்துவிடும். வெளியூர் லேபில் ஒரு கோடையைக் கழிக்க விரும்பினால் இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே அதைக் கவனியுங்கள். வாய்ப்பு கிடைத்தால் ஒரு முறை நீலகிரியில் கூடலூருக்கும் போய் வாருங்கள். அங்கே குலை நோய் இயற்கையாகவே கடுமையாக வரும், அதனால் ரகங்களை வயலிலேயே சோதிக்கிறார்கள். லேபில் 1 வாங்கிய செடி பல இனங்கள் கலந்த அந்தக் காற்றில் எப்படி நிற்கிறது என்று பார்த்தால், ஒரு ஜீனை மட்டும் நம்பினால் ஏன் சில வருடங்களில் கைவிட்டுவிடுகிறது என்பது புரியும்.

அங்கிருந்து நோய் இலை கொண்டுவந்தால் பைக்கு மேல் பை போட்டு எடுத்து வாருங்கள். சோதித்து முடித்த இலை, மண், தட்டு எல்லாமே அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும். பூஞ்சை இனம் ஒன்று இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ல் வங்கதேசத்துக் கோதுமை வயல்களே உதாரணம். தென் அமெரிக்காவில் இருந்த கோதுமைக் குலை நோய் இனம் அங்கே வந்து இறங்கியது.

புராஜெக்ட் முடிந்து கிளம்பும் வாரத்தில் ஒரு பட்டியல் எழுதி லேபில் விட்டுவிட்டு வாருங்கள். எந்த விதை எந்த உறையில், எந்த வருடம் அறுத்தது, மார்க்கர் எப்போது ஓட்டியது, எந்தப் பூஞ்சை இனம் எந்தப் பெட்டியில், கோ 39 மேல் கடைசியாக எப்போது நோய் கொடுத்தது, பிரைமர் வரிசைகள், கணக்கில் சேராத பேட்ச்களின் தேதியும் காரணமும். அடுத்து வரும் மாணவர் முதல் நாள் கேட்கப் போவது இவற்றைத்தான். அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள் என்பதால் உங்கள் தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.